வேர் ஊறிய தண்ணீரும் பழம் மிதக்கும் ஜாடியும்

சிதம்பரத்துக் கல்யாண மண்டபங்களின் வாசலில் இப்போது பெரிய கண்ணாடி ஜாடி ஒன்று நிற்கத் தொடங்கியிருக்கிறது. அடியில் குழாய். உள்ளே வட்ட வட்டமாக நறுக்கிய எலுமிச்சை, வெள்ளரி, நாலைந்து புதினாத் தண்டு. பன்னீர்ச் செம்பும் கல்கண்டுத் தட்டும் இருக்கும் மேசையில் அதற்கும் இடம் கிடைத்துவிட்டது. வீட்டுக்குள்ளும் வந்தாயிற்று. நடுவில் சல்லடைக் குழல் வைத்த பாட்டிலில் காலையில் பழத்துண்டைப் போட்டு, சாயங்காலம் வரை தண்ணீரை ஊற்றி ஊற்றிக் குடிக்கிறார்கள். நச்சு வெளியேறும், எடை இறங்கும், முகம் பளபளக்கும் என்று கைப்பேசி சொல்கிறது.

தண்ணீரில் வாசனையை இறக்கிக் குடிப்பது கடலூர் மாவட்டத்துக்குப் புதிது ஒன்றும் இல்லை. வெட்டிவேர் விளையும் மணல் ஊர்கள் இங்கே இருக்கின்றன. மூலிகைக் குடிநீரையும் வெந்நீரையும் நாள்முறையாக எழுதி வைத்த வள்ளலார் பிறந்ததும் பிற்காலத்தில் வாழ்ந்ததும் இங்கேதான். பெருமாள் சந்நிதியில் துளசித் தீர்த்தம் வாங்கிக் குடிக்காதவர் குறைவு. ஆகவே புது ஜாடியையும் பழைய பானையையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கலாம். என் கணிப்பை இப்போதே சொல்லிவிடுகிறேன்: எந்தப் பழம் என்பது மூன்றாவது கேள்வி. எந்தத் தண்ணீர், எவ்வளவு நேரம் என்பவைதான் முதல் இரண்டு. அந்த இரண்டுக்கும் நம் ஊர்ப் பழக்கத்தில் பாதி விடை இருக்கிறது. மீதிப் பாதியில் நம் ஊர்ப் பழக்கமும் தவறுகிறது.

முதலில் ஜாடிக்குள் நடப்பது என்ன? எலுமிச்சைத் துண்டைத் தண்ணீரில் போட்டால், வெட்டுப்பட்ட முகத்தில் உடைந்த சுளைகளிலிருந்து புளிப்பும் கொஞ்சம் சர்க்கரையும் கொஞ்சம் வைட்டமின் சி-யும் இறங்கும். உடையாத சுளைக்குள் இருப்பது அங்கேயே கிடக்கும். மணம் பெரும்பாலும் தோலின் எண்ணெய்ப் பைகளிலிருந்து வருவது. அந்த எண்ணெய் தண்ணீரில் சரியாகக் கரையாது. மேலாக மிதந்து மூக்கை ஏமாற்றும், அவ்வளவுதான். 100 கிராம் எலுமிச்சைச் சாற்றிலேயே வைட்டமின் சி ஏறத்தாழ 40 மில்லிகிராம்தான். இரண்டு துண்டு ஊறிய ஒரு லிட்டரில் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டால் சிரிப்பு வரும். 100 கிராம் கொய்யாவைக் கடித்துத் தின்றால் 200 மில்லிகிராமுக்கு மேல் கிடைக்கிறது. பழத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரைக் குடித்து, பழத்தைக் குப்பையில் போடுகிறவர் நார்ச்சத்தையும் சேர்த்தே போடுகிறார்.

துண்டுகளை நாள் முழுக்க ஊறப் போட்டால் கசப்பு ஏறும். வெள்ளைத் தோலின் கசப்பு ஒரு பக்கம். வெட்டிய எலுமிச்சை இனப் பழங்களில் முதலில் சுவையே இல்லாத ஒரு பொருள், புளிப்பின் கூட்டில் மெல்ல மெல்ல லிமோனின் என்ற கசப்பாக மாறுவது இன்னொரு பக்கம். அதனால்தான் காலையில் நன்றாக இருந்த பாட்டில் மதியம் வேப்பிலைச் சாறு போல் ஆகிறது. ஒரு லிட்டருக்கு அரைப் பழம், ஒரு மணி நேரம், அதன்பின் துண்டுகளை எடுத்துவிடுவது என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. அதைவிட எளிது, பழத்தைப் பிழிந்துவிட்டு ஒரே ஒரு கீற்றுத் தோலை மட்டும் மணத்துக்குப் போடுவது. புளியங்குடி எலுமிச்சை விலை சித்திரையில் ஏறும்போது இந்த முறை சிக்கனமும் கூட.

புதினாவின் கதை வேடிக்கையானது. அதைப் போட்ட தண்ணீர் குளிர்ச்சியாக இருப்பது போல் தோன்றும். வெப்பமானியை விட்டுப் பார்த்தால் ஒரு டிகிரி கூட இறங்கியிருக்காது. புதினாவின் மெந்தால், நாக்கில் குளிரை உணரும் அதே நரம்பு வாயிலைத் தட்டி விடுகிறது. டி.ஆர்.பி.எம்.8 என்ற அந்த வாயிலைக் கண்டறிந்தவர்களான டேவிட் ஜூலியஸ், ஆர்டம் படபூட்டியன் இருவரும் வெப்ப, தொடு உணர்வு ஆராய்ச்சிக்காக 2021 இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஏமாற்று என்றாலும் வெயிலில் சுகமான ஏமாற்று. இலையை நசுக்கித் துவைக்க வேண்டாம். உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டிப் போட்டால் போதும். கசக்கினால் பச்சை வாடை தூக்கிவிடும்.

வெள்ளரி பற்றி அதிகம் சொல்வதற்கு இல்லை. விருத்தாசலம் பக்கத்து வெள்ளரிப் பிஞ்சை ரயிலிலும் பேருந்து நிலையத்திலும் கீறி, உப்பும் மிளகாய்ப் பொடியும் தூவிக் கொடுக்கிறார்கள். அதைத் தின்பதே நல்லது. தண்ணீரில் போடுவது கண்ணுக்கு மட்டும்.

நச்சை வெளியேற்றும் என்ற வாதத்துக்கு இரண்டு வரி போதும். அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் சம்பளம் கேட்காமல் செய்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்குத் தேவை தண்ணீர், எலுமிச்சை வட்டம் இல்லை. ஆனால் ஒரு நன்மையை மறுக்க முடியாது. வெறும் தண்ணீர் குடிக்கப் பிடிக்காதவர்கள், கலர் சோடாவிலும் பாக்கெட் ஜூஸிலும் சர்க்கரையை அள்ளிக் குடிக்கும் பிள்ளைகள், லேசான மணம் இருந்தால் தண்ணீரைக் குடிக்கிறார்கள். சர்க்கரை போகிறது, தண்ணீர் வருகிறது. ஊறல்நீருக்கு இதைவிடப் பெரிய பட்டம் எதுவும் கொடுக்க நான் தயாராக இல்லை. இதுவே பெரிய விஷயம்தான்.

இனி வேருக்கு வருவோம். கடலூருக்குத் தெற்கே கடலையொட்டி நொச்சிக்காடு, தியாகவல்லி என்று போகும் மணல் ஊர்களில் வெட்டிவேர் பயிர். மேலே பார்த்தால் வெறும் நெட்டைப் புல். விலை முழுவதும் மண்ணுக்குக் கீழே. மணற்பாங்கான நிலத்தில் வேர் தடையில்லாமல் ஆழமாக இறங்கும், தோண்டும்போது அறுபடாமல் வரும். இதே புல்லைக் களிமண்ணில் வைத்தால் தோண்டும் கூலியே வேரின் விலையைத் தின்றுவிடும். நட்டு ஓராண்டாவது ஆக வேண்டும். இளவேரில் மணம் தேறாது. பறித்த வேரை அலசி, உலர்த்தி, கட்டுக் கட்டாக அனுப்புகிறார்கள். விசிறி, தட்டி, மாலை, செருப்பு, எண்ணெய் வடிக்கும் ஆலை என்று அது போகும் இடம் பல. பானைத் தண்ணீருக்குப் போவது அதில் ஒரு சிறு பங்கு.

வெட்டிவேரின் மணம் மற்ற வாசனைகளைப் போல ஓடி மறைவதில்லை. அதன் எண்ணெயில் நூற்றுக்கு மேற்பட்ட பொருள்கள். பெரும்பாலானவை கனமானவை, மெதுவாக ஆவியாகக்கூடியவை. ஹைத்தியிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் இந்த எண்ணெயை வாங்கும் வாசனைத் திரவிய ஆலைகள், மற்ற மணங்களைப் பிடித்து நிறுத்த அடித்தளமாகச் சேர்ப்பது இதனால்தான். வீட்டுக்கு இதனால் ஒரு லாபம்: ஒரே வேர் முடிச்சு பல நாள் வேலை செய்யும். எலுமிச்சை ஒரு மணியில் தன்னைத் தீர்த்துக்கொள்கிறது. வேர் ஒரு வாரம் தாங்குகிறது.

செய்முறை எளிது, ஆனால் அவசரப்படக் கூடாது. ஒரு சிறு கைப்பிடி வேரை, பத்து கிராம் அளவு, குழாய்த் தண்ணீரில் மணல் போகும்வரை மூன்று நான்கு முறை அலச வேண்டும். மணல் ஊர் வேர் என்பதால் எத்தனை அலசினாலும் அடியில் நாலு மணல் உருளும். பிறகு காய்ச்சின தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் வைத்து அந்த முதல் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். மெல்லிய வெள்ளைத் துணியில் முடிந்து, காய்ச்சி ஆறிய மூன்று லிட்டர் தண்ணீரில் இரவு போட்டால் காலையில் மண் நனைந்த வாசனையும் சற்றே இனிப்பான ஒரு பின்சுவையும் நிற்கும். தண்ணீரின் நிறம் மாறவே கூடாது. மாறினால் வேர் சரியாக அலசப்படவில்லை. முடிச்சை இரண்டு நாளைக்கு ஒரு முறை எடுத்து வெயிலில் காயவைத்து மறுபடி போடலாம். ஈரத்திலேயே கிடந்தால் கை வைத்தாலே வழவழக்கும், அது கெட்டுப்போனதற்கு அடையாளம். மணம் போன வேரைத் தொட்டிச் செடிக்கு மூடாக்காகப் போட்டுவிடலாம்.

வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். எண்ணெய் வடித்து முடித்த சக்கை வேரும் சந்தைக்கு வருகிறது. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு வேரை உடைத்து, நனைத்து, ஐந்து நிமிடம் விட்டு முகர்ந்தால் தெரிந்துவிடும்.

வெட்டிவேர் தண்ணீரைச் சுத்திகரிக்கும் என்று சொல்வதில்தான் எனக்குச் சண்டை. இந்த நம்பிக்கைக்கு ஒரு வேர் உண்டு. உயிருள்ள வெட்டிவேர்ப் புல் கழிவுநீரையும் மாசுபட்ட மண்ணையும் சுத்தம் செய்யும் என்பது பல நாடுகளில் சோதித்து அறிந்த உண்மை. 1980களில் உலக வங்கியின் ஆட்கள் இந்தியாவில் மண்ணரிப்பைத் தடுக்க இதை வரப்பு வேலியாகப் பரப்பினார்கள். அதன்பின் தாய்லாந்து, சீனா, ஆஸ்திரேலியா என்று கழிவு நிலங்களிலும் சுரங்கக் குப்பை மேடுகளிலும் நட்டார்கள். ஆனால் அந்த வேலையைச் செய்வது வளரும் செடி. காய்ந்த வேர் முடிச்சுக்கு அந்தச் சக்தி கிடையாது. பானையில் கிருமி இருந்தால் வேர் போட்ட பின்பும் கிருமி இருக்கும்.

இதன் மறுபக்கம் இன்னும் முக்கியம். மாசுபட்ட நிலத்தில் இந்தப் புல் ஈயம் போன்ற உலோகங்களை உறிஞ்சும்போது, அதில் பெரும்பங்கை இலைக்கு அனுப்பாமல் வேரிலேயே தேக்கி வைத்துக்கொள்கிறது. மண்ணைச் சுத்தம் செய்கிற குணமே, அந்த வேரைக் குடிதண்ணீரில் போடலாமா என்று நம்மைக் கேட்க வைக்கிறது. சுத்தமான கடற்கரை மணலில் விளைந்த வேர் வேறு, ஆலைக் கழிவு ஓடும் வாய்க்கால் ஓரத்தில் விளைந்த வேர் வேறு. கடலூரில் இதை யாரும் நினைவூட்டத் தேவையில்லை. சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றிய ஊர்களில் காற்றும் நிலத்தடி நீரும் கெட்டுப்போனதாக எழுந்த புகார்களுக்குப் பல பத்தாண்டு வயது. வெட்டிவேரை மாலைக்கும் விசிறிக்கும் வாங்கும்போது எங்கே விளைந்தது என்று கேட்காவிட்டாலும் பரவாயில்லை. குடிக்கிற தண்ணீருக்கு வாங்கும்போது கேட்டே ஆக வேண்டும். நொச்சிக்காட்டு விவசாயிக்கும் இது லாபம்தான். நிலத்து மண்ணையும் வேரையும் ஒருமுறை ஆய்வுக்கூடத்தில் கொடுத்து முடிவைக் கட்டோடு சேர்த்து விற்றால், பெயரில்லாமல் போகும் சரக்குக்குப் பெயரும் விலையும் வரும்.

தண்ணீரைப் பற்றிப் பேசாமல் ஊறல்நீரைப் பற்றிப் பேசுவது அடுப்பில்லாமல் சமையல் சொல்வது போல. இந்த மாவட்டத்தில் ஊருக்கு ஒரு தண்ணீர். கடலோரத்தில் போர் ஆழமாகப் போனால் உப்பு. ஆனால் அதே கடலோர மணல்மேட்டில் மழைநீர் மேலாகத் தங்கி, தோண்டிய பள்ளத்தில் நல்ல தண்ணீர் ஊறும். வீராணத்தையும் கொள்ளிடத்தையும் நம்பிய பக்கத்தில் புது வெள்ளம் வந்தால் கலங்கல். நெய்வேலியில் நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இறைத்தால்தான் சுரங்கம் தோண்ட முடியும் என்பதால் அங்கே நிலத்தடி நீரின் கணக்கே தனி. இந்திய தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த உப்புக்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம். பழத்துண்டு எதுவும் இந்த எண்ணை ஒரு புள்ளி கூடக் குறைக்காது.

தண்ணீரின் குணம் சுவையில் தெரியும். கடின நீரில் உள்ள பைகார்பனேட் எலுமிச்சையின் புளிப்பை அடித்துவிடும். போர்த் தண்ணீரில் அரைப் பழம் பிழிந்தும் சப்பென்று இருப்பது அதனால்தான். அதே அரைப் பழத்தைக் கேன் தண்ணீரில் பிழிந்தால் பல் கூசும். சங்குப்பூவை ஊறவைத்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வேலியோரத்து நீலச் சங்குப்பூ ஐந்தாறு இதழ் போட்ட வெந்நீர் நீலமாகும், எலுமிச்சை விட்டால் ஊதாவாகும். கடின நீரில் இந்த நிற மாற்றத்துக்கு அதிகச் சொட்டு தேவைப்படும். தாய்லாந்திலும் மலேசியாவிலும் இதைச் சோற்றுக்கும் சர்பத்துக்கும் வைத்திருக்கிறார்கள். நமக்குச் சிவபூசைக்கு மட்டும்.

கலங்கல் தண்ணீருக்கு நம்மிடம் இருந்த மருந்து தேத்தான்கொட்டை. பானையின் உட்புறச் சொரசொரப்பில் கொட்டையைத் தேய்த்துவிட்டுத் தண்ணீரை ஊற்றினால் சில மணி நேரத்தில் சேறு அடியில் படியும். மண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும் பொருள் அதில் இருக்கிறது. முருங்கை விதைக்கும் இதே திறன் உண்டு. ஆனால் தெளிந்த தண்ணீர் வேறு, கிருமி இல்லாத தண்ணீர் வேறு. தேத்தான்கொட்டை முதல் வேலையை நன்றாகச் செய்யும். இரண்டாவது வேலைக்கு அடுப்புதான்.

மண்பானை பற்றி ஒரு வார்த்தை. பானை குளிர்வது, நீர் அதன் சுவர் வழியே கசிந்து ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதால். காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் ஆவியாவது குறையும். கடல்காற்று அடிக்கும் கடலூர் பழைய நகரத்தில் பானை குளிர்வதைவிட விருத்தாசலத்தின் வறண்ட காற்றில் அதிகம் குளிரும். வெட்டிவேர்த் தட்டிக்கும் இதே கதிதான். வேர் விளையும் ஊரில் அதன் குளிர்ச்சி குறைவாகவும், விளையாத ஊரில் அதிகமாகவும் கிடைப்பது இந்தப் பயிரின் விதி.

அடுப்பைப் பற்றிச் சொல்லும்போது வள்ளலாரைத் தாண்டிப் போக முடியாது. 1823 இல் சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் பிறந்தவர், சென்னை வாழ்வுக்குப் பின் கருங்குழியில் தங்கினார், 1867 இல் வடலூரில் தருமச்சாலை திறந்தார். எண்ணெய் என்று தண்ணீரை ஊற்றியும் விளக்கு எரிந்ததாகப் பக்தர்கள் சொல்வது கருங்குழியில்தான். எனக்கு அதைவிட வியப்பு அவருடைய நித்திய கரும விதி. எழுவது முதல் படுப்பது வரை உடம்பை நடத்தும் முறையை அதில் சொல்கிறார். கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் சேர்ந்த பொடியை நீரும் பாலும் விட்டு, நீர் சுண்டக் காய்ச்சி, நாட்டுச் சர்க்கரை சேர்த்துக் குடிக்கச் சொல்கிறார். தாகத்துக்கும் பச்சைத் தண்ணீரை விட்டு வெந்நீரையே பரிந்துரைக்கிறார். அவர் மறைந்தது 1874 இல். ராபர்ட் காக் கல்கத்தாவில் காலராக் கிருமியை உறுதி செய்தது அதற்குப் பத்தாண்டு கழித்து. கூட்டம் கூடும் கோயில் ஊர்களும் வெள்ளம் வரும் ஆறுகளும் உள்ள இந்தப் பக்கத்தில், கிருமியின் பெயர் தெரியாமலே கிருமிக்கு எதிரான பழக்கம் ஒன்று அப்படி நிலைத்தது.

சீரகத் தண்ணீர் அந்த மரபின் எளிய வடிவம். ஒரு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சீரகம், ஐந்து நிமிடக் கொதி, மூடி ஆறவிடுதல். கேரளத்து ஓட்டல்களில் பதிமுகச் சக்கை போட்ட சிவப்பு வெந்நீர் வருகிறது, அதுவும் இதன் தம்பிதான். ஊறல்நீரோடு ஒப்பிட்டால் இவற்றின் பெரிய பலம் சீரகத்திலோ பதிமுகத்திலோ இல்லை, கொதியில் இருக்கிறது. நிறம் வர வேண்டுமானால் கொதிக்க வைத்தே ஆக வேண்டும் என்பதால், சோம்பேறி கூடத் தண்ணீரைக் காய்ச்சிவிடுகிறான். நன்னாரி வேரும் வெந்நீரில்தான் நன்றாக இறங்கும். வெனிலாவின் மணப்பொருளோடு அணுவுக்கு அணு ஒத்து, அடுக்கில் மட்டும் மாறும் ஒன்றுதான் நன்னாரியின் மணம். சர்பத் ஆக்கி அரைத் தம்ளர் சர்க்கரையைக் கொட்டுவதால் அந்த நுண்மணம் யாருக்கும் தெரிவதில்லை. வேரைத் தட்டிக் கொதிநீரில் போட்டு மூடி வைத்து, சர்க்கரை இல்லாமல் ஒருமுறை குடித்துப் பார்க்க வேண்டும்.

கோயில் தீர்த்தம் இன்னொரு பள்ளி. தில்லை நடராசர் கோயிலுக்குள்ளேயே கோவிந்தராசப் பெருமாள் சந்நிதி இருப்பதால் ஒரே மதிலுக்குள் திருநீறும் துளசித் தீர்த்தமும் கிடைக்கும். கடலூரை அடுத்த திருவந்திபுரத்தில் தேவநாத சுவாமி கோயிலுக்கு எதிரே உள்ள மலைக்குப் பெயரே ஔஷதகிரி. தீர்த்தத்தில் துளசி, ஏலம், கிராம்பு, பச்சைக் கற்பூரம். உள்ளங்கைக் குழி அளவு வாங்கிக் குடிக்கும்போது இதில் எந்தக் கேடும் இல்லை. அதையே வீட்டில் குடம் குடமாகச் செய்யக் கிளம்பும்போது இரண்டு இடத்தில் சறுக்கும்.

ஒன்று கற்பூரம். சிறு குழந்தைக்கு அரை கிராம், ஒரு கிராம் கற்பூரம் உள்ளே போனாலே வலிப்பு வரலாம். ஆரத்திக் கற்பூரம் கிட்டேயே வரக் கூடாது. பச்சைக் கற்பூரம் என்றாலும் ஒரு குடத்துக்கு அரிசி முனை அளவு. குழந்தை உள்ள வீட்டில் அதுவும் வேண்டாம்.

இன்னொன்று செம்பு. செம்புப் பாத்திரத்தில் வெறும் தண்ணீரை இரவு முழுக்க வைத்தால் கிருமிகள் சாகின்றன. பெங்களூர் ஆய்வாளர்கள் 2012 இல் 16 மணி நேரம் வைத்துச் சோதித்துக் காட்டினார்கள். நீரில் இறங்கிய செம்பு, உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற எல்லைக்குள்ளேயே இருந்தது. துளசி போட்ட செப்புச் செம்புக்கு இதுவரை சரி. ஆனால் அதில் எலுமிச்சையோ நெல்லியோ போட்டால் புளிப்பு செம்பைக் கரைக்கும். வயிற்றைப் புரட்டும், வைட்டமின் சி-யும் செம்பு பட்டு வேகமாக அழியும். பழம் போடுவதற்குக் கண்ணாடி, எவர்சில்வர், பீங்கான். பித்தளையும் கூடாது, ஈயம் பூசினது தேய்ந்திருந்தால் இன்னும் கூடாது.

பூக்கூடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாமிக்குப் போடும் பூவெல்லாம் தண்ணீருக்குப் போடும் பூ ஆகாது. அரளி நஞ்சு. கடையில் வாங்கும் ரோசாவுக்கு அடித்த மருந்தைப் பூக்காரரும் சொல்ல மாட்டார். பிச்சாவரத்துக்குப் போனவர்கள் ஏதோ மூலிகை என்று தில்லை மரத்து இலையைக் கிள்ளினால் வடியும் பால் கண்ணில் பட்டுப் பார்வையைக் கெடுக்கும். சிதம்பரத்தின் பழம்பெயரையே தாங்கிய மரம் என்பதால் பாசம் வரலாம், பாட்டிலுக்குள் வரக் கூடாது.

இனி நேரம். வெட்டிய பழமும் காய்ச்சாத தண்ணீரும் சேர்ந்தால் கிருமிக்கு விருந்து. அமெரிக்க வேளாண் துறை கெடக்கூடிய உணவை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதே, 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் ஒரு மணிக்கு மேல் வைக்காதே என்கிறது. கத்திரி வெயிலில் நம் சமையலறைக்குள் 32 டிகிரி என்பதே குளிர்காலம். எலுமிச்சையின் புளிப்பு கொஞ்சம் காக்கும். தர்பூசணிக்கும் வெள்ளரிக்கும் முலாம்பழத்துக்கும் அந்தக் காப்பு இல்லை. பழத்தை நறுக்கும் முன்பே ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும், ஏனென்றால் கத்தி தோலின் அழுக்கை உள்ளே கொண்டுபோகும். குளிர்பெட்டியில் வைத்தாலும் ஒரு நாள். நாலு மணிக்குத் தீர்ந்த பாட்டிலில் அதே துண்டுகளின் மேல் மறுபடி தண்ணீர் ஊற்றுவது மிகப் பரவலான தவறு. மூன்று நாள் மறந்து மூலையில் கிடந்த பழத்தண்ணீர், போலீஸ்காரர்கள் காட்டுக்குள் தேடி அழிக்கும் சாராய ஊறல் வகையைச் சேர்ந்துவிடும். மண்டபத்து ஜாடியைக் காலை முகூர்த்தத்துக்கு வைத்தார்களா, நேற்று வரவேற்புக்கு வைத்தார்களா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பல்லுக்கும் ஒரு எச்சரிக்கை. எலுமிச்சைத் தண்ணீரை ஒரே தடவையாகக் குடித்துவிட்டு வாய் கொப்பளிப்பவரைவிட, நாள் முழுக்க ஒவ்வொரு மடக்காகக் குடிப்பவருக்குத்தான் பல்லின் மேற்பூச்சு அதிகம் கரையும். பாட்டிலை மேசையில் வைத்து உறிஞ்சும் பழக்கம் சரியாக இந்த இரண்டாவது வகை. அங்கே வெட்டிவேரும் சீரகமும் வெல்கின்றன, அவற்றில் புளிப்பு இல்லை.

மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு அதிமதுரம் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். சர்க்கரை இல்லாமலே இனிக்கிறது என்று தினமும் ஊறவைத்துக் குடித்தால் இரத்த அழுத்தம் ஏறும், உடம்பில் பொட்டாசியம் இறங்கும். பட்டைத் தண்ணீரும் அப்படித்தான். நம் மளிகைக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் தடித்த கேசியா பட்டை. அதில் கல்லீரலுக்கு ஆகாத கூமரின் அதிகம், இலங்கையின் மெல்லிய சுருள் பட்டையில் மிகக் குறைவு. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர் வில்வ இலைத் தண்ணீரையும் கூடவே தினசரி ஆக்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

பானகத்தை இந்த வரிசையில் சேர்க்கலாமா என்று யோசித்தேன். நெல்லிக்குப்பத்தில் 1842 இலேயே பாரி கம்பெனி சர்க்கரை ஆலை வைத்த மாவட்டத்தில் வெல்லத்தை விலக்குவது பாவம்தான். ஆனால் பானகம் வேறு சாதி, அது வேலை செய்து வியர்த்தவருக்கான சாப்பாடு. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் தண்ணீர்ப் பாட்டிலுக்கு அது பதில் ஆகாது.

இந்த மண்ணுக்கே உரிய பழத் தண்ணீர் ஒன்று வேண்டுமென்றால் நான் கை காட்டுவது முந்திரிப் பழத்தை. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, விருத்தாசலம் வட்டாரத் தோப்புகளில் மார்ச் முதல் மே வரை கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிடுகிறார்கள். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ-3 போன்ற ரகங்களையும் விவசாயி எடைபோடுவது கொட்டையை வைத்துத்தான். 2011 டிசம்பர் 30 இல் தானே புயல் இந்தத் தோப்புகளை வேரோடு சாய்த்தபோதும் இழப்பைக் கொட்டையாலேயே கணக்கிட்டார்கள். வைட்டமின் சி-யில் ஆரஞ்சைப் போல ஐந்து மடங்கு உள்ள பழம் அது. தடை, நாக்கைச் சுருட்டும் துவர்ப்பு. அதற்கும் வழி உண்டு. சாற்றில் கஞ்சித் தண்ணீரோ காய்ச்சிய சவ்வரிசிக் கூழோ விட்டுக் கலக்கி வைத்தால் துவர்ப்பு திரிந்து அடியில் படிகிறது. கேரள வேளாண் பல்கலைக்கழகம் சவ்வரிசி முறையைத்தான் சொல்லிக் கொடுக்கிறது. மேலாகத் தெளிந்ததை வடித்து, நாலு பங்கு காய்ச்சி ஆறிய தண்ணீரில் கலந்து, ஒரு சிட்டிகை உப்பு போட்டால் போதும். ஓட்டின் எண்ணெய் கைத்தோலைப் புண்ணாக்கிவிடும் என்பதால் கொட்டையைத் திருகிய பிறகே பழத்தைக் கழுவ வேண்டும். விடியலில் பொறுக்கியதை அன்று மதியத்துக்குள் பிழிந்துவிட வேண்டும், சாயங்காலம் புளித்துவிடும். அதனால் இது இப்போதைக்குத் தோப்பு வீட்டுக்காரர்களும் அவர்கள் வீட்டுக்குப் போகிற உறவுக்காரர்களும் மட்டும் குடிக்கக்கூடிய பானம்.